கடிதம் தானாக அழியுமா?

(கொல்கத்தா டாலிகஞ்சில், எழுதப் படிக்கக் கற்ற தமிழ் மக்கள் கூடிய கூட்டத்தில் ஒரு சகோதரி பேசியது)



நானும் உங்களைப் போல வயதான பிறகுதான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். நான் தானே படித்த முதல் கடிதம் எங்கள் அண்ணன் போட்டது. அண்ணன் திருச்சியில் இருந்தார். தபாலில் போடவில்லை. ஈமெயிலில் அனுப்பினார். வாரம் ஒரு கடிதம் வரும். எனக்காகச் சின்னச் சின்ன வார்த்தையாக எழுதுவார்.

ஒரு நாள் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடியது. பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். "பழைய கடிதம் நிறையச் சேர்ந்துவிட்டது அக்கா. 90 நாள் ஆனதெல்லாம் தானாக அழியும்படி வைத்துவிடட்டுமா?" என்று கேட்டான். "சரி" என்றேன். பிறகு அதை மறந்தே போனேன்.

அண்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. நாலு மாதம் எழுதவில்லை. பிறகு காலமாகிவிட்டார். காரியம் முடிந்து வந்து, அவர் கடிதங்களைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. யாரும் திருடவில்லை. நான் சொன்ன 'சரி'தான் தினமும் வேலை செய்திருக்கிறது.

நம் டாலிகஞ்சுக்கும் இப்படி ஓர் இழப்பு உண்டு. 1931இல் பி.என். சர்க்கார் நியூ தியேட்டர்ஸ் என்ற சினிமாக் கம்பெனியைத் தொடங்கினார். அதன் ஸ்டுடியோ இங்கேதான் இருந்தது. 1932இல் கவி ரவீந்திரநாத் தாகூர் அங்கே 'நடீர் பூஜா' என்ற படத்தை எடுத்தார். அவர் இயக்கிய படம் அது ஒன்றுதான். 1940இல் ஸ்டுடியோவில் தீப்பிடித்தது. படச்சுருள் எரிந்துபோயிற்று. இன்று அந்தப் படத்தை முழுதாகப் பார்க்க வழியில்லை.

தீ சொல்லிக்கொண்டு வராது. ஆனால் ஈமெயில் அழிவதற்கு விதி உண்டு. விதி தெரிந்தால் நாம் காப்பாற்றிக்கொள்ளலாம். அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

முதலில் ஜிமெயில். வந்த கடிதம் 'இன்பாக்ஸ்' பெட்டியில் இருக்கும். நாள் ஆயிற்று என்று அது அழியாது. நாம் 'டெலீட்' அழுத்தினால் குப்பைப் பெட்டிக்குப் போகும். அதன் பெயர் 'பின்' அல்லது 'ட்ராஷ்'. அங்கே 30 நாள் இருக்கும். அதற்குள் எடுத்துவிடலாம். கடிதத்தைத் திறந்து, 'மூவ் டு' அழுத்தி, 'இன்பாக்ஸ்' என்பதைத் தொட்டால் திரும்பி வரும். 30 நாள் கடந்தால் போனது போனதுதான். 'ஸ்பேம்' பெட்டிக்கும் இதே 30 நாள் கணக்கு. நல்ல கடிதமும் சில சமயம் தவறி அதில் விழும். வாரம் ஒரு முறை அதைத் திறந்து பாருங்கள்.

இன்னொன்று. இரண்டு வருடம் கணக்கைத் தொடாமலே இருந்தால், கணக்கையே கூகுள் நீக்கலாம். ஆகவே அவ்வப்போது திறந்து பாருங்கள்.

அடுத்தது, கம்ப்யூட்டரில் கடிதம் படிக்கும் புரோகிராம்கள். தண்டர்பேர்ட் அதில் ஒன்று. பெட்டியின் பெயர்மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்துங்கள். 'பிராபர்டீஸ்' என்று வரும். அதற்குள் 'ரிடென்ஷன் பாலிசி' இருக்கும். எதையும் அழிக்காதே என்று சொல்லலாம். இத்தனை நாளுக்கு மேற்பட்டதை அழி என்றும் சொல்லலாம். அழி என்றால், நம் கம்ப்யூட்டரில் உள்ளது மட்டும் போகாது. தூரத்தில் கம்பெனியின் கம்ப்யூட்டரில் உள்ள மூலமும் போகலாம். ஆனால் நட்சத்திரம் போட்ட கடிதத்தை எப்போதும் வைத்திரு என்றும் அங்கே சொல்ல முடியும்.

அப்படியானால் எதையும் அழிக்கக் கூடாதா? அப்படி இல்லை. ஜிமெயிலில் இலவச இடம் 15 ஜிபி. நம் போட்டோக்களும் அதில்தான் சேரும். இடம் நிறைந்தால் புதுக் கடிதம் வராது. விளம்பரக் கடிதங்களைத் தாராளமாக அழியுங்கள். வீடு என்றால் பெருக்கத்தான் வேண்டும். பெருக்கும் முன்னே தாலிக் கொடி கீழே கிடக்கிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? அது போலத்தான்.

வேண்டியதை முதலில் எடுத்து வையுங்கள். பிறகு வேண்டாததை அழியுங்கள். மருத்துவமனை ரிப்போர்ட், பென்ஷன் தாள், பிள்ளைகளின் சான்றிதழ் வந்தால் அச்செடுத்துப் பத்திரப்படுத்துங்கள். வேறு யாராவது உங்கள் கணக்கைச் சரிசெய்து கொடுத்தால், "எது அழியும்? எத்தனை நாளில் அழியும்? திரும்ப எடுக்க முடியுமா?" என்று கேளுங்கள். பதில் புரிந்த பிறகு 'சரி' சொல்லுங்கள்.

அண்ணன் கடிதம் ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது. எழுத்துப் பழகுவதற்காக அதை நோட்டில் பார்த்து எழுதியிருந்தேன். கோணல் மாணலான என் கையெழுத்துதான். ஆனாலும் வார்த்தை அண்ணனுடையது.