நரம்பு நோயும் நமது கடமையும்

(திருநீர்மலையில், சுற்றுவட்டார ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வூர்க் கோயிலின் சிறப்பை உங்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலம். மலைமேல் நரசிம்மர் வீற்றிருந்த கோலம், அரங்கநாதர் பள்ளிகொண்ட கோலம், உலகளந்தவர் நடந்த கோலம். நிற்பதையும் இருப்பதையும் கிடப்பதையும் நடப்பதையும் பற்றி நாம் ஒரு நாளும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் காலையில் ஏர் பிடித்தவரை நண்பகலில் நிற்கவும் இயலாமற் செய்து, சென்ற மாதம் படுக்கையில் கிடந்தவரை இம்மாதம் வயலுக்கு அனுப்பிவைக்கும் விசித்திரமான வியாதி ஒன்று உண்டு. அதைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறோம்.

டாக்டர்கள் இதனை 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்பர். அரசாங்கக் காகிதங்களில் 'தண்டுவட மரப்பு நோய்' என்று காணலாம். பம்பு செட்டுக்குப் போகும் மின்சாரக் கம்பியின் மேலுறையை எலி கடித்துவிட்டால் மோட்டார் எப்படி ஒரு சமயம் ஓடும், ஒரு சமயம் நிற்கும்? மூளையிலும் தண்டுவடத்திலும் கண் நரம்பிலும் அதுபோன்ற ஓர் உறை உண்டு. நோயைத் தடுப்பதற்காக நம் உடலில் அமைந்த காவற்படையே அந்த உறையை அரித்துவிடுகிறது. வேலியே பயிரை மேய்வது என்பது இதுதான். 1868-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து டாக்டர் ஷார்க்கோ இந்நோயைத் தெளிவாக வருணித்தார். இன்று உலகில் 28 லட்சம் பேருக்கு மேல் இதனுடன் வாழ்கின்றனர். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், அதாவது குடும்பபாரம் தோளில் ஏறும் வயதில் தொடங்குகிறது; ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதியாக வருகிறது. இது தொற்று நோயன்று. தொட்டாலோ, ஒரே பானையில் தண்ணீர் மொண்டாலோ வராது.

ஒரு கண்ணில் வலியுடன் பார்வை மங்குதல், கை கால் மரத்துப் போதல், நடை தள்ளாடுதல், சிறுநீரை அடக்க முடியாமை, காரணமில்லாத பெருஞ்சோர்வு ஆகியவை இதன் அறிகுறிகள். இவை சில நாட்களோ வாரங்களோ இருந்து, பெரும்பாலோருக்குத் தாமாகவே தணிந்துவிடும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. தணிந்த சமயத்தில் கட்டிய தாயத்துக்கும் பூசிய எண்ணெய்க்கும் புகழ் சேருகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் எண்ணம் கைவிடப்படுகிறது. ஈராண்டு கழித்து அடுத்த தாக்குதல் வருகிறது. ஒவ்வொரு தாக்குதலும் சிறிது சேதத்தை நிலையாக விட்டுச் செல்லக்கூடும்.

ஆகையால் முதல் முறை கண் மங்கியபோதே, கால் மரத்தபோதே, நரம்பியல் மருத்துவரைக் காண வேண்டும். அதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-ல் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிய சென்னை அரசுப் பொது மருத்துவமனை, தாம்பரத்தில் ரயிலேறினால் எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் சேதமுற்ற இடங்கள் வெண்புள்ளிகளாகத் தெரியும். தாக்குதல் நேர்ந்தால் சில நாட்கள் ஊசி வழியாக ஸ்டீராய்டு கொடுப்பதுண்டு. அதனை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி நாமாகவே உண்பது பெருங்கேடு. அடியோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் 1993 முதல் ஒன்றன்பின் ஒன்றாக வந்துள்ளன. விரைவில் தொடங்கினால் அவற்றின் பயன் அதிகம்.

இனி, வெயிலுக்கு வருவோம். நம் பகுதியினர் முக்கியமாகக் கருத வேண்டியது இதுவே. 1890-ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊட்ஹாஃப் என்பவர், இந்நோயாளிகள் உழைத்துக் களைத்ததும் அவர்களுடைய பார்வை மங்குவதைக் கண்டு எழுதினார். உடற்சூடு ஏறுவதே காரணம் என்பது பிற்பாடு விளங்கிற்று. உறை போன நரம்பு, சூடு சிறிது ஏறினாலும் செய்தியைக் கடத்தாது. நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்து நோயைக் கண்டுபிடித்த காலம்கூட உண்டு! உடல் குளிர்ந்தால் பழைய நிலை திரும்பிவிடும். புதிய சேதம் ஏதுமில்லை. இதை அறியாத குடும்பத்தார், "காலையில் நன்றாகத்தானே இருந்தான், இப்போது வேலைக்குப் பயந்து படுத்துக்கொள்கிறான்" என்று ஏசுகின்றனர். நோயைவிட அந்த ஏச்சே அதிகம் சுடும் என்பது நம் கருத்து.

இத்தகையவர் தம் நாளைத் தாமே திட்டமிட வேண்டும். களையெடுப்பு, நீர் பாய்ச்சல் முதலியவற்றை விடியற்காலையிலேயே முடித்துவிடலாம். பதினோரு மணிக்கு மேல் நிழலில் விதை பொறுக்குதல், கணக்கு எழுதுதல் முதலிய வேலைகளை வைத்துக்கொள்ளலாம். கழுத்தில் ஈரத்துண்டு, கையருகே நீர்மோர், இடையிடையே ஓய்வு ஆகியவை செலவில்லாத வைத்தியம். களைத்து விழுந்தபின் ஓய்வெடுப்பதைவிடக் களைக்கு முன் பத்து நிமிஷம் உட்காருவது மேல். அதற்காக எந்நேரமும் படுத்துக் கிடக்கலாகாது. முன்பெல்லாம் உடலை அசைக்காதே என்றே சொல்லி வந்தனர். அளவான தேகப்பயிற்சி நன்மையே செய்கிறது என்பது இன்று தெளிவாகியிருக்கிறது. சிறுநீர்த் தொல்லைக்கு அஞ்சிப் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர்; அது மேலும் தொல்லையையே தரும். மரத்த காலுக்கு வெறுந்தரையின் சூடும் தெரியாது, சேற்றில் கிடக்கும் முள்ளும் தெரியாது. இரவில் பாதங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பீடி, சிகரெட் இந்நோயை முடுக்குபவை. அவற்றை விட்டொழிப்பதே நன்று.

நோயுற்ற மருமகளைத் தாய்வீட்டிற்கு அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கும் குடும்பங்களும் உண்டு. இந்நோய் தாய்மைக்குத் தடையன்று. டாக்டரைக் கலந்துகொண்டு மருந்தை முறைப்படுத்தினால் போதும். ஊர்ப் பெரியவர்கள் இத்தகைய வழக்கைப் பஞ்சாயத்தில் கேட்க நேர்ந்தால், இதனை நினைவில் வைத்துப் பேச வேண்டுகிறோம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஏற்றுக்கொண்ட 21 வகைகளுள் இந்நோயும் ஒன்று. அடையாள அட்டை பெற்றுத் தகுதி உடையோருக்குத் தமிழக அரசு திங்கள்தோறும் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை வழங்குகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுச் செய்யலாம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் இயன்முறைப் பயிற்சி வீட்டுக்கே வருகிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. 1985-ல் ஏற்பட்ட இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கத்திற்குச் சென்னையிலும் கிளை உண்டு. இதே நோயுடன் பல்லாண்டு வாழ்ந்தவரிடம் கேட்டறியும் யோசனை, எந்தப் புத்தகத்திலும் கிடைக்காதது.

ஊராட்சி மன்றம் செய்யக்கூடியவையும் உள. பொதுக் கழிப்பறையில் உட்காரும் பீடமும் பக்கத்தில் கைப்பிடிக் குழாயும், நியாயவிலைக் கடை வாசலில் சாய்தளமும் நிழற்பந்தலும் பெருஞ்செலவான காரியங்களல்ல. ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளி ஒருவரை நியமன உறுப்பினராக அமர்த்துவதற்குச் சட்டமன்றம் 2025-ல் வழி செய்திருக்கிறது. அப்படி ஒருவர் வந்து அமரும்போது, வெளித்தோற்றத்தில் ஊனம் தெரியாதவர்களின் குறைகளையும் அவர் வாயிலாகக் கேட்டறியலாம்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். கிராம சபை கூடும் நாட்களில் மே 1-ஆம் தேதியும் ஒன்று. கத்திரி வெயில் தொடங்குவதற்குச் சில நாட்களே இருக்கும் சமயம் அது. அன்றைய கூட்டத்தைப் பதினோரு மணிக்கு வெட்டவெளியில் வைத்தால் நாம் இன்று பேசிய எவரும் வர மாட்டார். வந்தாலும் எழுந்து நின்று பேச அவரால் இயலாது. வரும் ஆண்டில் அதனைக் காலை எட்டு மணிக்கு மரநிழலில் கூட்டவும், முன்வரிசையில் நான்கு நாற்காலிகள் போடவும் உங்கள் மன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம்.