'ஆர்' விகுதியும் நம் பிள்ளைகளும்

(ராசிபுரத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தும் இலக்கியமும் கற்பிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் கல்வி நிபுணன் இல்லை. எங்க வளவில் பொழுது சாய்ந்தபின் நடக்கிற மாலைப் பள்ளியில் பல வருசமாகச் சொல்லிக் கொடுக்கிறவன். அதனால் தத்துவத்தை விட்டுவிட்டு ஒரு நோட்டிலிருந்து தொடங்குகிறேன்.

நாலாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டு. பகலில் படிக்கும் பள்ளியில் 'உன் வீட்டைப் பற்றி எழுது' என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் எழுதினாள்: 'எங்கப்பன் காட்டுக்குப் போனான். பண்ணாடி வந்தாரு. எங்கப்பனைக் கூப்பிட்டாரு.' சிவப்பு மையில் 'போனான்' அடிக்கப்பட்டு மேலே 'போனார்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் பெரிய பெருக்கல் குறி. அவ்வளவுதான்.

அந்தத் திருத்தம் சரிதானா? அப்பனை 'அவன்' என்பது நம்ம பக்கத்தில் பாசம், எல்லாச் சாதியிலும் உண்டு. ஆனால் கவுண்டர் வீட்டுப் பிள்ளை வீட்டில் 'எங்கப்பன்' என்றாலும், வெளியே வந்தால் ஊரே அவள் அப்பனை 'வந்தார், போனார்' என்கிறது. நம் பிள்ளை வீட்டிலும் கேட்டதில்லை, வெளியிலும் கேட்டதில்லை. காதில் விழுந்ததை அப்படியே எழுதினாள். அது சாட்சியம். சாட்சியத்தைப் பிழை என்று அடித்துவிட்டோம்.

மறுநாள் மாலை கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டேன். 'யார் யாரை எப்படிக் கூப்பிடறாங்க? மூணு நாள் காதைத் திறந்து வெச்சுக் கேட்டு எழுதிட்டு வாங்க' என்றேன். நோட்டுகள் நிறைந்து வந்தன. 'டீக்கடையில எங்க தாத்தாவை: வாடா.' 'பத்து வயசுப் பையன் எங்கம்மாவை: ஏ புள்ள.' 'பஸ்ல கண்டக்டர் எங்கப்பனை: சீக்கிரம் ஏறுங்க.' ஒரு பையன் எழுந்து சொன்னான்: 'சார், தெரிஞ்சவங்க வாடாங்கறாங்க, தெரியாதவங்க வாங்கங்கறாங்க.' சாதி எப்படி இயங்குகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அதற்குப் பிறகுதான் விகுதி நடத்தினேன். 'ஆன்' ஆண்பால், 'ஆள்' பெண்பால், 'ஆர்' பலர்பால். ஒருவரையே பலராகச் சொல்வது மரியாதை. அப்படியானால் பலராக எண்ணப்படும் ஒருவர் யார்? அதை யார் முடிவு செய்வது? இலக்கணம் ஒருபோதும் அவர்களுக்கு இவ்வளவு வேகமாக மண்டையில் ஏறியதில்லை.

இதெல்லாம் நான் கண்டுபிடித்ததல்ல. பிரேசில் நாட்டில் பாவ்லோ ஃப்ரெய்ரே 1960களில் உழைக்கும் மக்களுக்கு அவர்கள் வாழ்க்கையிலிருந்தே சொல்லை எடுத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். அதில் ஒரு சொல் 'செங்கல்'. நம்ம பக்கத்திலும் சூளைக்குப் போகிற குடும்பங்கள் இருக்கின்றன, பாதி வருசம் பள்ளிக்கு வராத பிள்ளைகள் இருக்கிறார்கள். 247 எழுத்தையும் மனப்பாடம் செய்துவிட்டுத்தான் படிக்கணும் என்றால் அந்தப் பிள்ளை படிக்கப் போவதே இல்லை. செங்கல்லை எடுங்கள். அதில் கல் இருக்கிறது. கல்லுக்குப் பிறகு கால். அப்புறம் கூலி. அப்புறம் கேள். ஒரு 'க' வரிசைக்குள்ளேயே 'கூலி கேள்' வந்துவிடுகிறது, தோழர்களே.

நமக்கும் இதில் மரபு இருக்கிறது. எம்.சி. ராஜா தலைவர் மட்டுமல்ல, பள்ளி ஆசிரியர், பாடநூல்கள் எழுதியவர். ஆர். ரங்கநாயகி அம்மாளோடு சேர்ந்து 1930-இல் 'கிண்டர்கார்டன் ரூம்' என்று குழந்தைகளுக்கான புத்தகமே கொண்டுவந்தார். இரட்டைமலை சீனிவாசன் கோயமுத்தூரில் படித்த காலத்தில், சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் மற்றப் பிள்ளைகளோடு விளையாடாமல் ஒதுங்கியே இருந்ததைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அது பத்தொன்பதாம் நூற்றாண்டு. 1995-இல் சேலம் மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில், மேல்சாதிப் பிள்ளைகளின் பானையில் தண்ணீர் குடித்ததற்காக ஒரு தலித் சிறுமி ஆசிரியரால் அடிக்கப்பட்டு ஒரு கண்ணின் பார்வையை இழந்தாள். வகுப்பறை சுத்தமான இடம், அங்கே சாதி பேசாதே என்கிறவர்கள் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லட்டும்.

இப்போது என் தவறைச் சொல்லணும். முதல் சில வருசம் 'நம்ம பேச்சே இலக்கியம், பாடநூல் தமிழ் ஆதிக்கத் தமிழ்' என்று முழங்கிக்கொண்டு பிள்ளைகளைப் பேச்சு மொழியிலேயே எழுத வைத்தேன். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவலிலிருந்து பகுதிகள் வாசித்துக் காட்டினேன். திருச்செங்கோட்டுப் பக்கம் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் நம் பிள்ளைகளின் கதை. வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒருநாள் ஒரு பிள்ளையின் தாய் வந்து நின்றார். 'எங்க பேச்ச அவ எங்கிட்டயே கத்துக்குவா சார். நாலு பேரு முன்னால நின்னு பேசற பேச்ச நீங்க குடுங்க' என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் இரண்டு தமிழையும் கற்றுவிட்டு, பிள்ளைகளுக்கு ஒன்று போதும் என்று முடிவு செய்திருக்கிறேன்!

அன்றிலிருந்து இரண்டும் உண்டு. சொந்தச் சொல்லில் தொடங்கணும், அங்கேயே நிறுத்தக்கூடாது. 'கூளமாதாரி'யும் வாசிக்கணும், குறளும் வாசிக்கணும், தாசில்தாருக்கு மனுவும் எழுதத் தெரியணும்.

ஏன் இவ்வளவு அவசரம்? 2009-இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வாங்கினோம். உட்பிரிவு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் அந்த 3 விழுக்காட்டின் கதவு கல்லூரி வாசலில் இல்லை, மூன்றாம் வகுப்பில் இருக்கிறது. அங்கே வாசிக்கத் தெரியாமல் போன பிள்ளைக்கு எந்தத் தீர்ப்பும் பயன்படாது. மார்க்குக்குப் பேர்போன விடுதிப் பள்ளிகள் உள்ள நாமக்கல்லில்தான் நம் வளவுகளும் இருக்கின்றன. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளையும் பொருள் புரிந்து வாசிக்கணும் என்று 2022-இல் அரசு 'எண்ணும் எழுத்தும்' தொடங்கியது. வரவேற்கிறோம். அந்தப் 'பொருள்' யாருடைய வாழ்க்கையின் பொருள் என்றும் கேட்கிறோம்.

இங்கே இருக்கிற மாணவர்களிடம் கேட்பது ஒன்றுதான். முழக்கம் எழுதும் கை, வாரத்தில் இரண்டு மாலை ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து எழுத வைக்கட்டும்.

அந்தப் பிள்ளை அதே கட்டுரையைத் திரும்ப எழுதினாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 'எங்க அப்பா காட்டுக்குப் போனார். பண்ணாடி வந்தார்.' வீட்டுத் திண்ணையில் சத்தமாக வாசித்தாள். எழுத்தறியாத அவள் அப்பா கேட்டுவிட்டு, 'எனக்கும் அதேதான் போட்டிருக்கியா, கண்ணு?' என்றார். 'ஆமாப்பா, ரெண்டு பேருக்கும் ஒண்ணேதான்' என்றாள்.