'குடும்பன்' என்னும் சொல்



நம் சங்கத்தின் பழைய சந்தாப் புத்தகத்தில் பாட்டனார் பலரின் பெயருக்கு ஈற்றில் 'குடும்பன்' என்னும் சொல் நிற்கிறது. அவர்தம் பேரப்பிள்ளைகளின் சான்றிதழ்களில் அச்சொல் இல்லை. நாம் பள்ளியிற் பயின்ற நாளில் தந்தையின் முழுப்பெயர் வாசிக்கப்பட்டபோது வகுப்பே நகைத்தது. அந்த நகைப்புக்கு அஞ்சியே பலரும் அதைத் துறந்தோம். அது எப்படிப்பட்ட சொல் என்பதை இன்றேனும் அறிவோமாக.

முதலில் அது ஒரு பொறுப்பின் பெயர். 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் நூல், நம்மவர் ஊர்த்தலைவர் 'குடும்பன்' என்றும், அவர்க்குத் துணைவர் 'காலாடி' என்றும், ஊரைக் கூட்டுபவர் 'வாரியன்' என்றும் அழைக்கப்பட்டதைக் குறிக்கிறது. ஏரிப்பாசன ஊர்களில் மடைக் குடும்பன் என்றொருவர் இருந்தார். ஐப்பசி கார்த்திகை மழையில் கரை காப்பதும், நீரில் மூழ்கி மடை திறப்பதும், வயலுக்கு வயல் முறைப்படி நீர் பாய்ச்சுவதும் அவர் கடமை. ஊதியம் களத்து நெல். கருமேனியாற்றையும் சடையனேரிக் கால்வாயையும் நம்பி வாழும் சாத்தான்குளத்தார்க்கு அவ்வேலையின் அருமையை நாம் விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் நீரைப் பங்கிட்டவர் பலருக்கு நிலத்தில் பங்கில்லை.

பொறுப்பு தலைமுறையாய்த் தொடர, அதன் பெயரே குடிப்பெயராயிற்று. 1799ஆம் ஆண்டுப் போரில் கட்டபொம்மன் பக்கம் நின்று மாண்டவராகப் போற்றப்படும் கவர்னகிரிச் சுந்தரலிங்கத்தைக் 'குடும்பனார்' என்றே மக்கள் வழங்குகின்றனர். அட்டவணைச் சாதிகளின் பட்டியலிலும் 'குடும்பன்' தனிப்பெயராய் நின்றது. 2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அதனை உள்ளிட்ட ஏழு பெயர்களைத் தேவேந்திரகுல வேளாளர் என்னும் ஒரே பெயரின்கீழ்க் கொணர்ந்தது.

பதவி குடிப்பெயராவது புதுமையன்று. மராட்டியத்தில் ஊர்க்கணக்கர் 'குல்கர்னி' ஆனார். குஜராத்தில் ஊர்த்தலைவர் 'பட்டேல்' ஆனார். அப்பெயர்களைக் கேட்டு எவரும் நகைப்பதில்லை. குடும்பன் என்றால் மட்டும் நகைப்பானேன்? சொல்லில் இழிவு இல்லை. நிலமும் எழுத்தும் எவர் கையில் இருந்தனவோ, அவர் பெயர்க்கு மதிப்புக் கிட்டியது. அந்த எழுத்தை நம் பிள்ளைகள் கையில் சேர்க்கவே இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்திருக்கிறது.

இளைஞர்களே! உத்தரமேரூர்க் கல்வெட்டில் ஊரின் முப்பது பகுதிகள் 'குடும்பு' எனப்படுகின்றன. ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக அதையும் நம் பெயரையும் முடிச்சிட்டுப் பெருமை பேசுதல் ஆகாது. மெய்யான வரலாறே நமக்குப் போதும். எந்த மடையை எவர் காத்தார் என மூத்தோரிடம் கேட்டெழுதுங்கள். பழைய பத்திரங்களையும் தீர்வை ரசீதுகளையும் கரையானுக்கு விடாதீர்கள். அவற்றில் நம் பாட்டனார் பெயர்கள் உள்ளன.

பெயரோடு அச்சொல்லைச் சேர்ப்பதும் விடுவதும் அவரவர் உரிமை. ஆனால் அறிந்து விடுதல் வேறு, நாணி விடுதல் வேறு. இனி நம்மில் எவரும் நாணத்தால் அதை விடாதிருப்போமாக.