ஆற்றங்கரையில் ஒரு கணக்கு

 

படவேட்டுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? ஜவ்வாது மலையில் பிறக்கும் நம் கமண்டல நாகநதி செய்யாற்றில் சேர்கிறது, செய்யாறு பாலாற்றில், பாலாறு வங்கக் கடலில். வெள்ளம் வந்தால் நாம் வீசிய தம்ளரும் அதே வழியில் போகும்.

சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தார் கடற்கரைக் குப்பையை வகைபிரித்து எண்ணுகிறார்கள். எது அதிகம் என்று தெரிந்தால்தானே எதை நிறுத்துவது என்று தெரியும்? நாமும் மாதம் ஒருமுறை ஆற்றங்கரையில் 100 மீட்டர் அளந்து, பை, பாட்டில், தம்ளர் என்று தனித்தனியே எண்ணி எழுதுவோம்.

வலீமா விருந்துக்கு மறுநாள் தம்ளர் கூடியிருந்தால், அது நம் கணக்கு. பிளாஸ்டிக் தம்ளருக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை உண்டு. இனி விருந்துக்கு எவர்சில்வர் தம்ளர் வைப்போம்.

பாதையின் இடைஞ்சலை அகற்றுவதும் தர்மம் என்று நபிகள் நாயகம் (ஸல்) கற்றுத் தந்தார்கள். தண்ணீரும் ஒரு பாதைதான்.

அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.