ஒரு ரூபாய்க்குப் பதின்மூன்று ரூபாய்: பலன் யார் கைக்குப் போகிறது?

(புணே மாவட்டம் ரஞ்சன்காவில் தமிழ்த் தொழிலாளர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



புணேயிலிருந்து அகில்யாநகர் (முன்பு அகமத்நகர்) செல்லும் நெடுஞ்சாலையில், சிரூர் வட்டத்தில் அமைந்திருக்கிறது ரஞ்சன்காவ். மகாகணபதி கோயிலுக்கு வரும் பக்தர்கள் அறிந்தது ஒரு ரஞ்சன்காவ். எல்ஜி, ஃபியட் போன்ற பன்னாட்டு நிறுவனங்களின் பெயர்ப்பலகைகளைத் தாங்கிய தொழிற்பேட்டை இன்னொரு ரஞ்சன்காவ். ஆலைகளின் மதிற்சுவரைத் தாண்டினால் வெங்காயமும் கரும்பும் விளையும் மூன்றாவது ரஞ்சன்காவ் ஒன்றும் உண்டு. இன்றைய வகுப்பின் பொருள் அந்த மூன்றாவது ஊரைப் பற்றியது. எனினும் இரண்டாவது ஊரின் தொழிலாளிக்கும் அதில் நேரடித் தொடர்பு உண்டு.

இதே புணே மாவட்டத்தில்தான் ஏற்றுமதிப் பயிர்களுக்கான இரண்டு பொதுத்துறை ஆராய்ச்சி நிலையங்கள் இயங்குகின்றன. ஒன்று, மாஞ்சரியில் உள்ள தேசிய திராட்சை ஆராய்ச்சி மையம். மற்றொன்று, 1994இல் நாசிக்கில் தொடங்கப்பட்டு 1998இல் ராஜ்குருநகருக்கு மாற்றப்பட்ட வெங்காயம், பூண்டு ஆராய்ச்சி நிலையம். பகத்சிங்குடன் தூக்குமேடை ஏறிய தியாகி ராஜகுரு பிறந்த ஊர் அது. பீமா சக்தி, பீமா கிரண், பீமா சூப்பர் என்று பீமாவின் பெயரைத் தாங்கிய வெங்காய ரகங்கள் அங்கிருந்துதான் வெளிவந்தன. அழுகலைக் குறைக்கும் காற்றோட்டமான சேமிப்புக் கொட்டகைகளின் மேம்பட்ட வடிவமைப்பும் அங்கு உருவானது.

இத்தகைய ஆராய்ச்சியால் நாட்டுக்கு என்ன பலன்? 2024 ஜூலையில் ஒன்றிய அரசு வெளியிட்ட பொருளாதார ஆய்வறிக்கை ஒரு விடை அளித்தது. வேளாண் ஆராய்ச்சியிலும் கல்வியிலும் செலவிடப்படும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 13 ரூபாய் 85 காசு பலன் கிடைக்கிறது என்றது அந்த அறிக்கை. 2022-23இல் இத்துறையில் ஏறத்தாழ 19,650 கோடி ரூபாய் செலவிடப்பட்டதாகவும் அது கூறியது. பொதுத்துறை ஆராய்ச்சி வீண்செலவு என்று வாதிடுவோருக்கு இது தக்க பதிலடி. ஆனால் உழைப்பாளி மக்களின் இயக்கம் அந்த எண்ணோடு நின்றுவிட முடியாது. அந்தப் பதின்மூன்று ரூபாய் யாருடைய கையில் சேர்ந்தது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

முதலில், இந்தக் கணக்கு எவ்வாறு போடப்படுகிறது என்று பார்க்க வேண்டும். 1958இல் ஸ்வி கிரிலிக்கஸ் என்ற பொருளாதார அறிஞர், அமெரிக்காவின் வீரிய மக்காச்சோள ஆராய்ச்சிக்கு ஆன செலவையும் அதனால் சமூகம் அடைந்த பலனையும் ஒப்பிட்டார். இத்துறையின் முன்னோடி ஆய்வு அது. 2000ஆம் ஆண்டில் பன்னாட்டு உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய 292 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. ஆண்டுப் பலன் விகிதத்தின் சராசரி ஏறத்தாழ 81 சதவீதம். ஆனால் இடைநிலை மதிப்போ 44 சதவீதம்தான். சில மிகப் பெரிய எண்கள் சராசரியை உயர்த்திவிட்டன. வெற்றி பெற்ற ஆராய்ச்சியையே அதிகமாக மதிப்பிடும் பழக்கமும் எண்ணைப் பெருக்கிக் காட்டுகிறது. வற்றிப்போகும் நிலத்தடி நீருக்குப் பெரும்பாலான கணக்குகளில் விலையே இல்லை.

இவற்றைவிட முக்கியமானது பங்கீடு. புதிய ரகத்தால் விளைச்சல் பெருகும்போது விவசாயியின் ஆதாயத்தையும் நுகர்வோரின் ஆதாயத்தையும் கூட்டி, மொத்தத்தையே சமூகப் பலன் என்று அறிவிப்பது இம்முறை. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: ஏக்கருக்கு 80 குவிண்டால் விளைந்த நிலத்தில், புதிய ரகத்தால் 100 குவிண்டால் விளைகிறது. விலை குவிண்டாலுக்கு 1,500 ரூபாயாக நீடித்தால், விவசாயியின் வரவு 1,20,000 ரூபாயிலிருந்து 1,50,000 ரூபாயாக உயரும். எல்லோருடைய வயலிலும் விளைச்சல் பெருகி விலை 1,100 ரூபாயாகச் சரிந்தால், அதே நிலத்தின் வரவு 1,10,000 ரூபாய்தான். முன்பைவிடக் கூடுதலாக உழைத்து, முன்பைவிடக் குறைவாகப் பெறுகிறார் விவசாயி.

ஏற்றுமதிப் பயிருக்கு இந்த ஆபத்து குறைவு என்கிறது பாடநூல். உள்நாட்டில் மிகுந்தது வெளிநாட்டுக்குச் செல்லும். விலை அவ்வளவாகச் சரியாது. ஆதாயத்தின் பெரும்பகுதி விவசாயியிடமே நிற்கும் என்பது அதன் தர்க்கம். ஆனால் ஏற்றுமதிக் கதவு திறந்திருந்தால்தான் இந்தத் தர்க்கம் செல்லும்.

வெங்காயத்தின் கதவு என்ன ஆயிற்று? 2023 பிப்ரவரியில் விலை வீழ்ந்தபோது, சோலாப்பூர் சந்தைக்கு 512 கிலோ கொண்டுவந்த ஒரு விவசாயிக்குச் செலவுகள் போகக் கிடைத்தது இரண்டு ரூபாய்க்கான காசோலை! மார்ச் மாதம் அகில இந்திய விவசாயிகள் சங்கத்தின் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் நாசிக் மாவட்டத்திலிருந்து மும்பையை நோக்கி நடந்தனர். குவிண்டாலுக்கு 600 ரூபாய் நிவாரணம் கேட்டனர். மாநில அரசு 350 ரூபாய் அறிவித்தது. விலை சரிந்தபோது தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை.

விலை சற்று ஏறியபோதோ ஒன்றிய அரசு விரைந்து வந்தது. 2023 ஆகஸ்டில் 40 சதவீத ஏற்றுமதி வரி. அக்டோபரில் டன்னுக்கு 800 டாலர் குறைந்தபட்ச ஏற்றுமதி விலை. டிசம்பரில் முழுத் தடை. மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்த 2024 மே மாதத்தில்தான் தடை நீங்கியது. 2022-23இல் 25 லட்சம் டன்னாக இருந்த ஏற்றுமதி, 2023-24இல் 17 லட்சம் டன்னாகக் குறைந்தது. ஏற்றுமதி வரி முற்றிலும் நீங்க 2025 ஏப்ரல் ஆயிற்று. தமிழ்நாட்டில் சின்ன வெங்காயம் பயிரிட்ட விவசாயிகளையும் இந்த முடிவுகள் விட்டுவைக்கவில்லை.

தோழர்களே, இந்தத் தடை யாருடைய பெயரால் விதிக்கப்பட்டது? நகரத்து நுகர்வோரின் பெயரால். அதாவது ஆலைத் தொழிலாளியின் பெயரால். அவருக்கு அதனால் என்ன கிடைத்தது? வெங்காயத்துக்கு நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குச் சேர்வது ஏறத்தாழ 36 காசு என்று 2024 அக்டோபரில் வெளியான ரிசர்வ் வங்கியின் ஆய்வுத்தாள் மதிப்பிட்டது. எஞ்சிய 64 காசு போக்குவரத்து, சேதாரம், இடைத்தரகு, வணிக இலாபம் என்று கரைகிறது. விவசாயியின் 36 காசை நசுக்குவதையே விலைக் கட்டுப்பாடு என்கிறது அரசு.

உணவுப்பொருள் மலிந்தால் உழைப்புச் சக்தியின் மதிப்பும் குறையும் என்று மார்க்ஸ் விளக்கினார். கூலியை உயர்த்த மறுக்கும் மூலதனத்துக்கு மலிவான வெங்காயம் வசதியானது. ஆக, விவசாயியின் வயலில் விளைந்த ஆராய்ச்சிப் பலன் தொழிலாளியின் தட்டைத் தொட்டுவிட்டு முதலாளியின் இலாபக் கணக்கில் போய்ச் சேரும் வழியும் திறந்தே இருக்கிறது. விவசாயியும் தொழிலாளியும் எதிரெதிர் அணியில் நிறுத்தப்படுவதன் பின்னணி இதுதான்.

கணக்கில் வராத இன்னொருவரும் உண்டு. வெங்காய நாற்றை ஒவ்வொன்றாக நடும் விவசாயத் தொழிலாளிப் பெண் அவர். அவருடைய கூலி அங்கே செலவுப் பட்டியலில் இருக்கிறது. நடவு இயந்திரம் வந்து அந்தக் கூலி மறைந்தால், அது பலன் என்று எழுதப்படும். அவர் இழந்த வேலைநாட்களுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

திராட்சையும் இதையே வேறு வழியில் சொல்கிறது. 2010இல் குளோர்மெக்வாட் என்ற வளர்ச்சிக் கட்டுப்படுத்தியின் எச்சம் வரம்பை மீறியதால் ஐரோப்பாவில் இந்தியத் திராட்சை நிராகரிக்கப்பட்டது. மாஞ்சரி மையத்தின் எச்சப் பரிசோதனைப் பணி இல்லையேல் அந்தச் சந்தையைத் தக்கவைப்பது கடினம். பொதுத்துறை அறிவியலின் மெய்யான பலன் அது. ஆனால் இறக்குமதியாளர் நிர்ணயிக்கும் தரத்தை எட்டும் செலவும், சரக்கு திரும்பினால் ஏற்படும் நட்டமும் தோட்டக்காரரின் தலையில்தான் விழுகின்றன.

எனவே ஆராய்ச்சி வேண்டாம் என்பது முடிவல்ல. வேளாண் உற்பத்தி மதிப்பில் ஒரு சதவீதத்தைக்கூட ஆராய்ச்சிக்கு ஒதுக்காத அரசு, 2023இல் அமேசானுடனும் பேயருடனும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தை ஒப்பந்தம் செய்யவைத்தது. மக்கள் பணத்தில் உருவான அறிவைப் பெருநிறுவனங்களின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் போக்கு இது. பொது நிதி உயர வேண்டும். விதை பொதுச் சொத்தாக நீடிக்க வேண்டும். ஆராய்ச்சியின் பலனை மதிப்பிடும்போது சிறு விவசாயிக்கும், குத்தகையாளருக்கும், விவசாயத் தொழிலாளிக்கும் சேர்ந்த பங்கு தனித்தனியே வெளியிடப்பட வேண்டும்.

அத்துடன், சாகுபடிச் செலவுக்கு மேல் ஐம்பது சதவீதம் சேர்த்த உத்தரவாத விலை, கிராமந்தோறும் பொதுச் சேமிப்புக் கிடங்கு, விலை ஏறும் மாதங்களில் நியாயவிலைக் கடைகளில் வெங்காயம் ஆகிய மூன்றும் ஒரே கோரிக்கையின் பகுதிகள். முதலாவது விவசாயிக்கு, மூன்றாவது தொழிலாளிக்கு, நடுவிலுள்ளது இருவருக்கும்.

ரஞ்சன்காவில் தொழிற்சங்கக் கொடியும் விவசாயிகள் சங்கக் கொடியும் நெடுஞ்சாலையின் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கத் தேவையில்லை. அடுத்த முறை வெங்காய விவசாயிகள் சாலைக்கு வரும்போது, ஆலை வாயிலிலிருந்தும் ஓர் அணி அவர்களோடு சேர்ந்து நடக்கட்டும். பதின்மூன்று ரூபாய் யாருக்கு என்ற கேள்விக்கு விடை தேடும் பணி அங்கிருந்து தொடங்கும்.