நேர்ந்ததை நிறைவேற்றுவோம்

(யூபிலி விழாத் தயாரிப்பு நாட்களில் ஆற்றிய உரை)

 

வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கடுமையானால், "ஆரோக்கிய மாதாவே! பிள்ளை பிழைக்கட்டும், உன் கோயிலுக்கு நடந்தே வருகிறேன்" என்றுதான் தாயின் உள்ளம் கதறுகிறது. இதை நேர்ச்சை என்கிறோம், பொருத்தனை என்கிறோம். வேளாங்கண்ணியில் ஆலயம் எழுந்த வரலாற்றிலும் ஒரு நேர்ச்சை உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் புயலில் அகப்பட்ட போர்த்துக்கீசிய மாலுமிகள், கரை சேர்ந்தால் அன்னைக்கு ஆலயம் எழுப்புவதாக நேர்ந்துகொண்டார்கள் என்பது மரபு. கரை சேர்ந்தார்கள், ஆலயத்தையும் கட்டினார்கள். அதோடு நில்லாமல், மறுபடி அவ்வழியே வந்தபோது பீங்கான் தட்டுகளைக் கொணர்ந்து பீடத்தை அணி செய்தார்கள். புயல் ஓய்ந்த பின்னும் கொடுத்த சொல்லை அவர்கள் மறக்கவில்லை.

நேர்ச்சையைப்பற்றித் திருச்சபை என்ன சொல்கிறது? 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. இதுபற்றி மூன்று கருத்துக்களை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, நேர்ச்சை என்பது நன்கு சிந்தித்து, முழு மனச் சுதந்திரத்தோடு, நம்மால் இயலக்கூடிய ஒரு நற்செயலைக் குறித்துக் கடவுளுக்குத் தரும் வாக்குறுதி. தந்தபின் நிறைவேற்றியே ஆகவேண்டும். ஆனால், நடந்து வருவதாக நேர்ந்த பாட்டிக்கு இன்று முழங்கால் மடங்கவில்லை என்றால்? "மாதா தண்டித்துவிடுவாளோ!" என்று அஞ்சி நடுங்க வேண்டாம். பங்குத்தந்தையிடம் செல்லுங்கள். தக்க காரணம் இருந்தால், தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விலக்களிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. அதற்கு இணையான, அல்லது அதைவிட மேலான நற்செயலாக நீங்களே மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது.

இரண்டாவது, நேர்ச்சை நேர்ந்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும். "மகள் பிழைத்தால் கன்னியர் மடத்துக்குக் கொடுக்கிறேன்" என்று நேர்ந்துவிட்டு, விருப்பமில்லாத பெண்ணை வற்புறுத்தும் பெற்றோர் உண்டு. அன்னா தன் மகன் சாமுவேலை ஆண்டவருக்கு நேர்ந்தளித்தாள், உண்மைதான். ஆயினும் ஆண்டவர் அந்தச் சிறுவனைப் பெயர் சொல்லி அழைத்தார். பதில் சொன்னவன் அவனேதான். அந்தப் பதிலைத் தாய் சொல்ல முடியாது.

மூன்றாவது, பிறருக்கு உரியதை எடுத்து நேர்ச்சை செலுத்தலாகாது. பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் 'கொர்பான்', அதாவது காணிக்கை, என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு கடிந்துகொண்டதை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அறுப்பு அறுத்தவனின் கூலி பாக்கி நிற்க, மாதாவுக்கு வெள்ளிக் குத்துவிளக்கா? வயதான தாய் மருந்துக்குக் கையேந்த, கொடிமரத்துக்கு நன்கொடையா? சிந்தித்துப் பாருங்கள்!

அன்பர்களே! இவற்றையெல்லாம்விடப் பெரிய வாக்குறுதிகள் நமக்கு உண்டு. ஞானஸ்நானத்தில் நமக்காகப் பிறர் தந்த வாக்குறுதிகளைப் பாஸ்கா திருவிழிப்பில், எரியும் திரியைக் கையில் ஏந்தி, நாமே புதுப்பிக்கிறோம். திருமண நாளன்று பீடத்தின்முன் வலக்கையைப் பிடித்து, நோயிலும் கைவிடேன் என்கிறோம். இவை ஆபத்து வேளையில் அவசரமாகச் சொன்னவை அல்ல. ஆயினும் இவற்றைத்தான் எளிதில் மறந்துவிடுகிறோம். தவக்காலம் முழுவதும் குடிக்கமாட்டேன் என்று நேர்ந்தவர், நாற்பது நாளும் சொல் தவறுவதில்லை. பாஸ்கா மாலையிலேயே தள்ளாடிக்கொண்டு வீடு திரும்புகிறார். மனைவிக்குக் கொடுத்த வார்த்தைப்பாட்டுக்கு மட்டும் நாற்பது நாள் என்ற கெடு யார் வைத்தது?

பழைய ஏற்பாட்டின் யூபிலியை லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். 50-ஆம் ஆண்டில் விற்ற நிலம் உரியவருக்குத் திரும்பியது. அடிமை விடுதலை பெற்றுத் தன் குடும்பத்தாரிடம் சேர்ந்தான். ஆகவே யூபிலி என்பது, உரியவருக்கு உரியதைத் திருப்பித் தரும் காலம். நேர்ச்சையை 'நேர்த்திக்கடன்' என்று நம் முன்னோர் சொன்னதும் பொருத்தமே. விழாக் கொடி ஏறுமுன் ஒவ்வொருவரும் ஒரு கடனையாவது தீர்ப்போம். நிறுத்தி வைத்த கூலியைக் கொடுப்போம். விட்டுவிட்ட குடும்பச் செபமாலையை மீண்டும் தொடங்குவோம். பேசாதிருக்கும் அண்ணன் வீட்டு வாசலை மிதிப்போம். இறைவன் தம் வாக்குறுதியில் என்றும் தவறாதவர். அவருக்குக் கொடுத்த சொல்லில் நாமும் நிலைத்து நிற்க அன்னை மரியாள் நமக்காகப் பரிந்து பேசுவாளாக!