நேரம் யார் கையில்?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

கல்வி, ஒழுக்கம், ஒற்றுமை என்று பெரிய பொருள்களைப் பற்றிப் பேசுவதே இந்த மேடையின் வழக்கம். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சிறிய பொருள். அதுதான் கைக்கடிகாரம். நம் பேச்சு வழக்கில் சொன்னால், கடியாரம்.

"பரிசாக என்ன வேண்டும்?" என்று மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். கைப்பேசிக்கு அடுத்தபடியாக வரும் பதில், "வாட்ச் சார்!" என்பதுதான். "கைப்பேசியிலேயே மணி தெரியுமே, அப்புறம் வாட்ச் எதுக்குடா?" என்றால் சிரிக்கிறார்களே ஒழியப் பதில் இல்லை. அந்தப் பதிலைத்தான் நாம் இப்போது தேடப் போகிறோம்.

நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகைகளாகப் பிரித்தார்கள். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். சங்க நூலான முல்லைப்பாட்டில், பாசறையில் இருக்கும் அரசனுக்கு நீர்க் கடிகையைப் பார்த்துப் பொழுது அறிந்து சொல்லும் மாக்கள் வருகிறார்கள். ஆக, நேரத்தை அளக்கும் கருவி அரசனிடம் இருந்தது. ஏழை எளியவருக்குச் சூரியனும் விடிவெள்ளியும் சேவலும்தான் கடிகாரம்.

மலாயாத் தோட்டத்துக்கு வந்த பிறகும் நிலைமை மாறிவிடவில்லை. பெரட்டு மணி அடித்தால் எழுந்து ஓடவேண்டும். விடியும் முன்பே ஏன் அடித்தார்கள்? அதற்கு இயற்கையிலேயே காரணம் உண்டு. இரவில் ரப்பர் மரம் நீரை நிரப்பிக்கொள்வதால் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் வெளியேறும், அழுத்தம் குறையும், பாலும் குறையும். எனவே வேலை தொடங்கும் நேரத்தை மரம் சொன்னது. ஆனால் வேலை முடியும் நேரத்தைச் சொன்னது யார்? துரையின் கடிகாரம் சொன்னது. அது நின்றாலும் ஓடினாலும், "மணி தப்பாச்சே ஐயா" என்று சொல்ல நம்மவர் கையில் வேறு கடிகாரம் இல்லை.

1941ஆம் ஆண்டில் நம் பக்கத்துக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மாபெரும் வேலைநிறுத்தம் நடந்ததை மாணவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ஆர். எச். நாதன் அதற்குத் தலைமை தாங்கினார். தொழிலாளர் கேட்டவை என்ன? கூடுதல் சம்பளம், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை. இவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள்: நாளொன்றுக்குப் 10 மணி, 12 மணி நேரம் வேலை வாங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்றார்கள். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். படையை அழைத்துப் போராட்டத்தை அடக்கினார்கள். உயிர்களும் பலியாயின.

மணிக்கணக்குக் கேட்கிறவனுக்கு மணி தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? நம் தாத்தாக்கள் காசு சேர்த்துக் கடியாரம் வாங்கிக் கட்டியதை வெறும் பகட்டு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். துரையிடம் மட்டும் இருந்த ஒன்று தன் கையிலும் இருக்கிறது என்ற நிமிர்வு அதில் இருந்தது. இன்றைய சட்டப்படி நம் நாட்டில் சாதாரண வேலை நேரம் வாரத்துக்கு 45 மணிக்கு மேல் போகக்கூடாது. முன்பு 48 ஆக இருந்தது. 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து குறைந்தது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. அதை எண்ணிப் பார்ப்பது நம் கடமை.

உலகத்திலும் உழைப்பவனுக்கும் போர்வீரனுக்கும் தேவைப்பட்ட பிறகே கடிகாரம் கைக்கு வந்தது. ஐரோப்பாவில் ஆண்கள் அதைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள். கையில் கட்டுவது பெண்களின் அணிகலன் என்று கருதினார்கள். 1914இல் முதல் உலகப்போர் மூண்டது. பதுங்குகுழியில் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு பைக்குள் கைவிட முடியுமா? வாரில் கோத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்கள். போர் முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது.

மாணவர்களே, சாவி கொடுக்கும் பழைய கடியாரத்தைக் காதோரம் வைத்துக் கேளுங்கள். அவற்றுள் பல மணிக்கு 18,000 முறை துடிப்பவை. நாளொன்றுக்கு எத்தனை என்று பெருக்கிப் பாருங்கள்: 4,32,000! 1969 டிசம்பர் 25ஆம் நாள் ஜப்பானின் சைக்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய பேட்டரி கடியாரங்களில் உள்ள குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்தப் போட்டியில் சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலில் இருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் வேலை இழந்தார்கள். பழைய கடியாரம் இனிச் செத்தது என்றார்கள். சாகவில்லை. கைப்பேசி வந்தபோதும் அப்படியே சொன்னார்கள். இன்றும் கட்டுகிறார்கள், கட்டுவது மட்டுமா, தேடித்தேடிச் சேர்க்கவும் செய்கிறார்கள்.

எதைத் தேடுகிறார்கள்? ஊருக்குப் போய்வந்தவர்கள் சிலர் வாங்கிவந்த எச்.எம்.டி. கடிகாரம் நினைவிருக்கிறதா? ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961இல் பெங்களூரில் தொடங்கிய இந்திய அரசுத் தொழிற்சாலை அது. அந்தக் கடிகார நிறுவனத்தை மூட 2016இல் இந்திய அரசு முடிவெடுத்தது. அதன் 'ஜனதா' கடியாரத்தை இன்று சேகரிப்பவர்கள் ஆசையோடு வாங்குகிறார்கள். 1984இல் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டாவும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஓசூரில் தொழிற்சாலை கட்டி வளர்ந்தது. தமிழ் மண்ணில் செய்த கடியாரம் என்ற பெருமை நமக்கும் உண்டு.

2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு ரோலக்ஸ் கடிகாரம் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. தங்கமா, வைரமா? இரண்டும் இல்லை, எஃகுக் கடிகாரம். நடிகர் பால் நியூமனுக்கு அவர் மனைவி வாங்கித் தந்தது. கார்ப் பந்தயத்தில் விருப்பமுள்ள கணவர் கவனமாக ஓட்டவேண்டும் என்று அதன் பின்புறத்தில் சொல் பொறித்துக் கொடுத்திருந்தார் அந்த அம்மையார். அந்த அன்புக்கும் சேர்த்துத்தான் அவ்வளவு விலை!

அந்தச் செல்வம் நம் லயத்து வீடுகளிலும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பாட்டியம்மா, மறைந்துபோன தாத்தாவின் கடியாரத்துக்கு இன்றும் தினமும் சாவி கொடுக்கிறார். "எனக்கு மணி பாக்கத் தெரியாது வாத்தியாரே. அது ஓடுற சத்தம் கேட்டா போதும்" என்கிறார். இதற்கு எந்த ஏலக்காரர் விலை சொல்ல முடியும்?

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. கடன் வாங்கி விலையுயர்ந்த கடியாரம் வாங்கித் தர வேண்டாம். போலி முத்திரை போட்டதும் வேண்டாம். 1989இல் வெளிவந்த கேசியோ எஃப்-91டபிள்யூ இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. ஆயிரக்கணக்கான வெள்ளி பெறும் சாவி கடியாரத்தைவிட அது பிசகாமல் நேரம் காட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு முள் வைத்த கடியாரமே நல்லது. கால், அரை, முக்கால் என்ற பின்னக் கணக்கு அதிலேயே படிந்துவிடும். வீட்டில் பழைய கடியாரம் இருந்தால் வீசிவிடாதீர்கள். ஓட்டாமலே வைத்தால் உள்ளே எண்ணெய் காய்ந்துவிடும். பழுது பார்ப்பவரிடம் கொடுத்துத் துடைத்து வாங்கி, பிள்ளை வளர்ந்ததும் அதன் கதையைச் சொல்லிக் கையில் கட்டுங்கள்.

மாணவர்களே, கடிகாரம்கூட ஆட்சி சொன்னபடி மாறும். 1982 ஜனவரி முதல் நாள், தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். சபா, சரவாக்கோடு நாடெங்கும் ஒரே நேரம் வந்தது. அதனால்தான் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வர ஏறக்குறைய பகல் 1.15 ஆகிறது. முள்ளை மாற்றலாம், உங்கள் ஒரு நாளில் ஒரு நிமிடத்தைக்கூட யாராலும் கூட்டித் தர முடியாது. வள்ளுவர் காலமறிதலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியது சும்மாவா?

அரசனிடம் இருந்த நேரம் துரையிடம் வந்தது. துரையிடம் இருந்ததை நம் பாட்டனார் பாடுபட்டுத் தம் கைக்குக் கொண்டுவந்தார்கள். கைக்கடிகாரத்தின் மேல் நமக்குள்ள ஆசைக்கு இதுவே வேர். இன்று அந்த நேரம் உங்கள் கையில் இருக்கிறது. அதைப் படிப்புக்குச் செலவிடுங்கள் கண்மணிகளே!

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!